கார்கில் கோடையில் பிறந்தவர்கள்

இராணுவ மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்றால் ஊரில் யாரும் எளிதில் நம்புவதில்லை. "பட்டாளத்து ஆஸ்பத்திரியில பச்சப்புள்ளைக்கு என்னய்யா வேலை?" என்று தாய்மாமா ஒருமுறை என்னைக் கேட்டார். சிப்பாய்க்கும் மனைவி உண்டு, அவளும் பிள்ளை பெறுவாள், அந்தப் பிள்ளை சில சமயம் ஏழு மாதத்திலேயே வந்து விழும் என்பதெல்லாம் மாமாவுக்குத் தோன்றாததில் வியப்பில்லை. தோன்றியிருக்க வேண்டியவர்களுக்கே தோன்றாமல் போன கோடை ஒன்று உண்டு. அது 1999, கார்கில் போர்.

அப்போது நான் மேஜர். வடக்கே ஒரு பெரிய இராணுவ மருத்துவமனையில் குழந்தை மருத்துவர். மே மாதத்தில் ஊடுருவல் தெரியவந்தது; 26ஆம் தேதி விமானப்படையும் இறங்கியது. திராஸிலும் பட்டாலிக்கிலும் அடிபட்டவர்கள் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டு, ஸ்ரீநகரின் 92 பேஸ் மருத்துவமனையில் முதல் அறுவை முடிந்து எங்களிடம் வந்தார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். தொடையில் குண்டுச் சிதறல், பனியில் கறுத்துப்போன கால்விரல்கள்.

போர் வந்தால் படுக்கைகளை எப்படிப் பெருக்குவது என்பதற்கு ஒவ்வொரு இராணுவ மருத்துவமனையிலும் எழுதிவைத்த திட்டம் உண்டு. அதன்படி ஹெர்னியா, கண்புரை அறுவைகள் தள்ளிப்போடப்பட்டன. எழுந்து நடக்கக்கூடிய நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வராந்தாவெங்கும் கட்டில்கள். பிறகு நிர்வாகத்தினர் என் பிரிவுக்கும் வந்தார்கள். எங்களிடம் இருந்த மூன்று பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களில் இரண்டு அறுவை வார்டுக்குப் போயின. சிஸ்டர்களில் பாதிப்பேரும் போனார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கால் போன பையனை ஸ்ட்ரெச்சரில் பார்த்துவிட்டு வந்தவன், கருவியைத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஹெர்னியாவைத் தள்ளிப்போடலாம், பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது.

பிரசவங்கள் குறையவில்லை. அவை வந்த விதம்தான் மாறியது. கணவன் களத்துக்குப் போய்விட, தனிக் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்த பெண்களுக்கு நள்ளிரவில் வலி எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரிதான் துணை. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் கழித்து வந்தவர்கள் உண்டு. தாமதமாக வந்த தாய்க்குக் குறைமாதக் குழந்தை பிறந்தால் அது நேராக என்னிடம் வரும்.

குறைமாதக் குழந்தை மூச்சு விடுவதையே மறந்துபோகும். இருபது நொடி நின்றால் நாடி இறங்கும், உதடு நீலம் பாரிக்கும். உள்ளங்காலில் லேசாகச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி மூச்சிழுக்கும். அமினோஃபிலின் என்று மருந்தும் உண்டுதான். ஆனாலும், மூச்சு நின்றதை அந்தக் கணமே யாராவது பார்த்தாக வேண்டும். பார்க்கும் கருவியும் போய், பார்க்கும் சிஸ்டரும் போனபின் யார் பார்ப்பது?

வழி சொன்னவர் எங்கள் பிரிவின் மூத்த சிஸ்டர், கோட்டயத்துக்காரர், அவரும் மேஜர்தான். "டாக்டரே, மிஷின் போனால் போகட்டும். அம்மாமார் எல்லாம் வெளியே பெஞ்சில் சும்மா அழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்களை உள்ளே விட்டால் என்ன?"

அதுவரை தாய்மார்களைக் கண்ணாடிக்கு அப்பால்தான் நிறுத்தியிருந்தோம், கிருமித் தொற்றுக்குப் பயந்து. இன்குபேட்டர் போதாத நிலையில் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் முறையைக் கொலம்பியாவின் போகோட்டா நகரத்து மருத்துவர்கள் 1978இலேயே தொடங்கியிருந்தார்கள். படித்திருந்தேன், செய்ததில்லை. அன்று செய்தோம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய தாய்மார்கள் உள்ளே வந்தார்கள். குழந்தையை, வேறு துணி ஏதுமில்லாமல் டயபரும் தொப்பியும் மட்டும் போட்டு, இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, அவரவர் துப்பட்டாவாலேயே இறுகக் கட்டினார் சிஸ்டர். மூச்சு நின்றால் தாயின் தோலுக்கு அது முதலில் தெரிந்தது. சுண்டக் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தன் மகன் எத்தனை முறை மூச்சை நிறுத்தினான் என்பதைத் தீக்குச்சிகளை அடுக்கிவைத்துக் கணக்குச் சொன்னாள்.

பால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கையால் பீய்ச்சியெடுத்து, முதலில் குழாய் வழியே ஒன்றிரண்டு மில்லி. விழுங்கத் தெரிந்தபின் பாலாடையில். எவர்சில்வர் பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். இதை அந்த வடநாட்டுப் பெண்கள் என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

இராணுவ மருத்துவமனையில் டி.ஐ.எல். என்றொரு பட்டியல் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களின் பெயர் அதில் ஏறும். ஏறினால் அன்றே சிக்னல் போகும். சமாதான காலத்தில் குழந்தையின் பெயர் ஏறினால், தகப்பன் விடுப்பு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்து இறங்குவான். அந்தக் கோடையில் விடுப்பே கிடையாது.

ஜுன்ஜுனுப் பக்கத்துப் பெண் ஒருத்தி. குழந்தை 1,150 கிராம், பெண். மூன்றாம் நாள் தொற்று ஏறி வயிறு உப்பிவிட்டது. கணவன் நாயக் பதவியில் இருந்தவன், திராஸ் பக்கம் இருப்பதாக மட்டும் தெரியும். நான் பட்டியல் தாளை எடுத்ததும் அவள் கை கூப்பினாள்.

"சாப், அவருக்கு எழுதாதீங்க. இறங்கி வர முடியாது. இதையே நினைச்சுக்கிட்டு மலை ஏறினா என்ன ஆகும்?"

மாமியார் விடவில்லை. "பெத்தவனுக்குத் தெரியாம ஒரு உசுரு போகலாமா? எழுதுங்க டாக்டர் சாப்."

இரண்டும் நியாயம். எழுதாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. எழுதினேன், கமாண்டிங் ஆபீசரின் கவனத்துக்கு என்று போட்டு, கணவன் கீழே இறங்கும்போது சொன்னால் போதும் என்பது மனைவியின் விருப்பம் என ஒரு வரி சேர்த்தேன். குழந்தை ஆன்டிபயாட்டிக்கில் தேறியது. ஜூன் 13 அன்று டோலோலிங் சிகரம் மீட்கப்பட்டதை வார்டு ரேடியோவில் கேட்டோம். அதற்குச் சில நாள் கழித்து, 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவத் தபால் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. சுபேதார் சாப் பக்குவமாகச் சொன்னாராம். மகளுக்குப் பெயர் வைப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை கிராம் என்று எழுது, அது போதும் என்றிருந்தான். அவளும் எழுதினாள்: 1,090, 1,120, 1,210.

எல்லாச் சேதியும் அப்படிக் கடிதத்தில் வரவில்லை. ஒரு நண்பகலில் வார்டு வாசலில் ஒரு அதிகாரி, ஒரு சுபேதார், கூடவே ஒரு அதிகாரியின் மனைவி என மூன்று பேர் வந்து நின்றார்கள். அப்படி மூவர் சேர்ந்து வந்தால் என்ன சேதி என்பது உள்ளே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாசலைப் பார்க்கவில்லை. அவரவர் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். சேதி கடுவால் மலைப்பக்கத்துப் பெண்ணுக்கு. 1,400 கிராம் மகனை நெஞ்சில் கட்டியிருந்தாள். சேதி கேட்டபோதும் முடிச்சை அவிழ்க்கவில்லை.

இரண்டு மணிப் பால் நேரம் வந்தது. சிஸ்டர் கிண்ணத்தை ஓரமாக எடுத்து வைத்தார். அவள் கேட்டு வாங்கினாள். வெகுநேரம் முயன்றும் கிண்ணத்தின் அடி நனையவில்லை. நாலு மணிக்கும் இல்லை. இரவில் கொஞ்சம் வந்தது. அன்றிரவு மற்றப் பெண்கள் முறைவைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் மூச்சையும் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஏவவில்லை.

ஜூலை 26 அன்று போர் முடிந்ததாக அறிவித்தார்கள். நம் தரப்பில் இறந்தவர் 527 பேர், காயம்பட்டவர் 1,300க்கும் மேல். எங்கள் பிரிவிலும் இறப்பு உண்டு. நுரையீரல் முதிராமல் பிறந்தவர்களுக்குத் தேவையான சர்ஃபாக்டன்ட் மருந்து அன்று எங்களிடம் இல்லை. நாடு முழுவதுமே அந்த ஆண்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 70 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. கடுவாலிப் பெண்ணின் மகன் பிழைத்தான். நாயக் ஆகஸ்டில் வந்தான். 1,900 கிராம் மகளைக் கையில் வாங்கத் துணிவில்லாமல், உட்கார்ந்தபின் மடியில் வைக்கச் சொன்னான்.

இன்று பெரிய இராணுவ மருத்துவமனைகளில் வென்டிலேட்டரும் சர்ஃபாக்டன்ட்டும் இருக்கின்றன. எனக்குச் சொல்ல மிச்சமிருப்பது திட்டம் தீட்டுபவர்களிடம்தான். ஒரு படைப்பிரிவு களத்துக்குப் போகும்போது அதன் குடும்பங்களில் எத்தனை பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்பது எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடிய கணக்கு. அதை எண்ணுங்கள், மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறை என்றதும் குழந்தைப் பிரிவின் சிஸ்டர்களை முதலில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அவளை உள்ளே விட ஒரு சோப்புக்கட்டிச் செலவுதான்.