கழற்றத் தெரிந்தவர்கள்

வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை. அங்கே 240க்கு மாறினால், களனி கங்கையைத் தாண்டியதும் பேலியகொடை. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் இடம் தெரிந்துவிடும். மத்திய மீன் சந்தை இங்கேதான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் கடைசியில் மெனிங் சந்தையும் புறக்கோட்டையை விட்டு இங்கே வந்துவிட்டது. மீனுக்கும் மரக்கறிக்கும் வருகிறவர்கள் திரும்பிப் பார்க்காத மூன்றாவது வியாபாரம் ஒன்றும் இந்தப் பக்கத்தில் நடக்கிறது. பிரித்த வீடுகளை விற்கிற வியாபாரம்.

நான் போனது ஒரு யன்னலைத் தேடி. எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருந்த கடைசி ஓட்டு வீட்டையும் பிரித்தார்கள். இனி அங்கேயும் அடுக்குமாடிதான். அதன் முதிரை யன்னல்கள் லொறியில் ஏறுவதை மாடியிலிருந்து பார்த்தபோது, ஒன்றையாவது வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. தோன்றியதைச் செய்ய இரண்டு கிழமை பிடித்தது.

தகர வேலிக்குள் கதவுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஒன்றில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அடுத்ததில் 786 என்ற ஒட்டுத்தாள். அதற்கடுத்ததில் பாதி கிழிந்த அந்தோனியார் படம். முதலாளியை எல்லோரும் நானா என்றே கூப்பிட்டார்கள். அவருக்குச் சாமான்கள் ஊர்ப் பெயரால்தான் தெரியும்.

"வெள்ளவத்தைச் சாமானா தங்கச்சி? அது போன கிழமையே பெந்தோட்டைக்குப் போயிட்டு. ஹோட்டல்காரங்க எடுத்தாங்க. கொட்டாஞ்சேனைச் சாமான் ஈக்கி, பாக்கிறீங்களா?"

வந்தது வந்தாயிற்று, இருந்து பார்த்துவிட்டுப் போவோம் என்று ஒரு பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். மாலைவரை எழும்பவில்லை.

மரத்தைத் தரம் பிரிக்கிறவர் ஒரு சிங்கள பாஸ். கொட்டாஞ்சேனையில் வேலை பழகியவர் என்பதால் தமிழ் தடங்கலில்லாமல் வருகிறது. தச்சரையும் மேசனையும் நாம் அழைக்கும் இந்த 'பாஸ்' ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். யன்னலும் அலவாங்கும் போர்த்துக்கீசர் தந்தவை. பாஸ் அலவாங்கால் யன்னலைக் கழற்றினார் என்று சொன்னால், இரண்டு ஆட்சிகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததாகிவிடும்.

பாஸ் முதலில் விரல் முட்டியால் மரத்தைத் தட்டுகிறார். கணீரென்றால் ஒரு பக்கம், பொத்தென்றால் மறுபக்கம். சந்தேகம் வந்தால் உளி முனையால் ஓரத்தைக் குத்துகிறார். உக்கிய மரத்தில் உளி தானாக இறங்கும். பிறகு ஒரு மூலையில் மெல்லியதாகச் சீவி மூக்கருகே கொண்டுபோகிறார். நாலைந்து பூச்சுக்குக் கீழே என்ன மரம் என்று அந்தச் சீவல் சொல்லிவிடும். பலா உள்ளே இன்னும் மஞ்சளாக இருக்கும். முதிரை பட்டுப்போல மினுங்கும். பாலையைச் சீவவே வேண்டாம், தூக்கும்போதே தெரியும்.

"2016 வெள்ளத்தில இந்த இடம் முழுக்கத் தண்ணி," என்றார். "பலாப் பலகை எல்லாம் மிதந்தது. கயிறு போட்டுக் கட்டினோம். பாலை மட்டும் வைச்ச இடத்திலேயே கிடந்தது."

கடைசியாகக் காந்தம். மரத்துக்குள் ஒரு ஆணி மறைந்திருந்தால் வாளின் பற்கள் போய்விடும். ஆனால் மிகப் பழைய சட்டங்களில் காந்தத்துக்கு வேலையே இல்லை. கழுந்தைத் துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்து முடித்திருக்கிறார்கள். பாஸ் அந்த மர ஆணியைப் பின்பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டினார். வெளியே வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ சேர்த்த நிலை, நான்கு துண்டுகளாகத் தரையில் அழகாகப் படுத்துக்கொண்டது. ஒன்றும் உடையவில்லை.

மதிலோரம் செங்கல் சுத்தம் செய்துகொண்டிருந்த அக்கா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். மழுங்கிய கத்தியால் ஒரு தட்டு, ஒரு சுரண்டல், கல் துப்புரவாகிவிடுகிறது. பக்கத்தில் ஒரு குவியலைத் தொடாமல் வைத்திருந்தார். அது ஏன் என்று கேட்டேன்.

"அது சிமெண்டு வீட்டுக் கல்லுங்க. சுண்ணாம்பு தட்டினா விட்டுரும். சிமெண்டு விடாது. கல்லுதான் ஒடையும்."

கட்டடக்கலைக் கல்லூரிகளில் பல பக்கங்களில் சொல்வதை அக்கா நாலே வசனத்தில் முடித்துவிட்டார். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுவர் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும், கல் தப்பும். காற்றிலுள்ள காபனீரொக்சைட்டை மெல்ல மெல்ல உள்வாங்கித்தான் அது இறுகுகிறது. சீமெந்து கல்லைவிட வலியது, பிடித்தால் விடாது. உலகம் வெளியேற்றும் காபனீரொக்சைட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சீமெந்துத் தொழிலிலிருந்து வருகிறது. அத்தனை விலை கொடுத்து ஒட்டிய கல்லை இரண்டாம் முறை பயன்படுத்தவும் முடிவதில்லை. பள்ளம் நிரப்ப மட்டுமே உதவும். புதிய சுவருக்குப் புதிய மணல் வேண்டும். களனியில் மணல் அள்ள அள்ளப் படுகை தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் கடல் நீர் மேலேறுகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் உப்பைத் தடுக்க மணல் மூட்டை அணை போட வேண்டி வந்தது அதனால்தான்.

சுண்ணாம்பைப் புகழ்ந்துவிட்டு அக்காவின் விரல்களைப் பார்க்காமல் வர முடியாது. நுனியெல்லாம் வெடிப்பு. கையுறை இருக்கிறது, போட்டால் கல்லின் பிடி தெரிவதில்லை என்கிறார். பழைய பூச்சைச் சுரண்டும் பையனின் முகத்திலும் கவசம் இல்லை. அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்று சொன்னேன். சிரித்துவிட்டுச் சேர்ட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஓடுகள் மறு மூலையில். அதற்கும் தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. சத்தம் அடைத்திருந்தால் உள்ளே கீறல். கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் பொதுவாகச் சொல்லும் தட்டை ஓட்டின் வழி மங்களூரிலிருந்து தொடங்குகிறது. பாசல் மிஷன் பாதிரிமார் 1865இல் அங்கே ஒரு தொழிற்சாலை போட்டார்கள். பிறகு நம் பக்கத்திலும் தங்கொட்டுவை, வைக்கால் என்று சூளைகள் பெருகின. ஓட்டுக்கு ஆணியும் இல்லை, சாந்தும் இல்லை. ஒன்றின் காது அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். உடைந்த ஒன்றை மட்டும் உருவி மாற்றலாம். கூரை முழுவதையும் இறக்கி வேறு வீட்டில் ஏற்றலாம்.

இந்த முற்றத்தில் நானா வாங்க மறுக்கும் சாமான் ஒன்றே ஒன்றுதான்: அஸ்பெஸ்டஸ் தகடு. உடைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக நம் அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பெட்டியில் வண்டு கண்டதாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. மலையில் கொழுந்து பறிப்பதற்கும் கொழும்பில் கூரை வேய்வதற்கும் நடுவே இப்படியும் ஒரு முடிச்சு.

பெந்தோட்டைக்குப் போன யன்னல் மனதைவிட்டுப் போகவில்லை. அந்தத் திசையில் ஒரு முழு வீடே போயிருக்கிறது. பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு அல்ஃபிரட் பிளேஸில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது. நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் விறாந்தை. யாழ்ப்பாணத்தாருக்கு நாற்சார் வீடு என்றால் உடனே புரியும். நிலம் கைமாறி, வீட்டை இடிக்க வேண்டி வந்தபோது, ஓடு, மரம், தூண், கல் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றினார்கள். 2016இல் அது பெந்தோட்டைக்கு அருகே, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழும்பி நின்றது. பாவாவும் பழைய சாமான்காரர்தான். கொழும்பு 33ஆவது ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கிய தன் இல்லத்தில், செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களை நிறுத்தி வைத்திருந்தார்.

பசுமை வீடு என்றதும் நமக்குச் சூரியத் தகடும் இரட்டைக் கண்ணாடியும் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவைதான். இந்த முற்றத்தில் கேட்கிற கேள்வி வேறு: இதைக் கழற்ற முடியுமா? உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். எரிக்காமலும் உக்க விடாமலும் ஒரு பலா நிலையை அடுத்த வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் காபன் மரத்துக்குள்ளேயே இருக்கும். அனுமதியில்லாமல் பலா வெட்டக்கூடாது என்று 1951இலேயே சட்டம் போட்ட நாடு இது. வெட்டிய பலாவைக் காப்பாற்றுகிறவர்கள் இந்தத் தகர வேலிக்குள் நாட்கூலிக்கு நிற்கிறார்கள்.

இப்படிக் காப்பாற்றிய மரத்தின் நன்மை எல்லோருக்கும் ஒரேபோலப் போய்ச் சேருவதில்லை. முதிரையும் தேக்கும் ஹோட்டலுக்கும் வில்லாவுக்கும் ஏறும். கொழும்பில் தோட்டங்கள் என்று சொல்லும் சேரிகளில் இருப்பவர்கள் தகரமும் துண்டுப் பலகையும் தேடித்தான் வருகிறார்கள். நான் இருந்தபோது வந்த ஒருவர், மழைக்குள் சமையலறையை மறைக்க வேண்டுமென்று நாலு தகரம் கேட்டார். நானா விலையைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதைச் சும்மா தூக்கி வைத்தார்.

புறப்படும் முன் பாஸிடம் கேட்டேன்: எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தைப் பிரித்தால் என்ன கிடைக்கும்?

கொஞ்சம் யோசித்தார். "கம்பி. கொஞ்சம் அலுமினியம். மிச்சம் எல்லாம் லொறியில ஏத்திக் கொட்டத்தான்."

யன்னல் கிடைக்காத குறைக்கு, கதவுக்கு மேலே காற்றுக்கு வைக்கும் பலா மரச் சல்லடை ஒன்றை வாங்கினேன். கொட்டாஞ்சேனைச் சாமான். ஏசி இல்லாத காலத்தில் அறையின் சூட்டை மேலாக வெளியே அனுப்பியது இதுதான். முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு பாஸ் ஒரு வார்த்தை சொன்னார்:

"சீமெந்து வைச்சு இறுக்க வேணாம். ஸ்குரூ போடுங்க. நாளைக்கு யாராவது கழட்ட வேணுமே."

வீட்டுக்கு வந்த மேசன் சாந்து குழைத்துக்கொண்டே, இதற்கு எதற்கு ஸ்குரூ என்று கேட்டார். பாஸ் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் போட்டார். எங்கள் கட்டடத்தில் முழுசாகத் திரும்பிப் பேலியகொடைக்குப் போகக்கூடிய பொருள் இப்போது ஒன்று இருக்கிறது. கதவுக்கு மேலே, நான்கு ஸ்குரூவில்.