காற்றும் கூரையும்

மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சியே மனிதன் கூரை வேய்ந்தான். காற்றையும் அதே கூரைதான் எதிர்த்து நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் புயல் வந்துபோன பின்னரே நாம் உணர்கிறோம். 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் நாஞ்சில் நாட்டு ஓட்டு வீடு ஒன்றில் ஏற்படுத்திய சேதத்தையும், அதனைச் சீர்செய்தபோது வெளிப்பட்ட கட்டுமான அறிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காற்று பழகிய நாடு

குமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் அடங்கிய பகுதியை நாஞ்சில் நாடு என வழங்குவர். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து தாழ்ந்து முடிகிற நிலம் இது. ஆனி, ஆடித் திங்கள்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று விசையுடன் பாய்ந்து செல்லும். முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை நம்பியே நிறுவப்பட்டவை. காற்று இவ்வூர் மக்களுக்குப் புதிதன்று. மேற்கிலிருந்து வருவதே காற்று என்பது அவர்களது வாழ்நாள் பழக்கம்.

2017 நவம்பர் இறுதியில் வந்த காற்று அந்தப் பழக்கத்தைப் பொய்யாக்கியது. நவம்பர் 29ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்றது. வங்கதேசம் அளித்த 'ஒக்கி' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வங்க மொழியில் அதற்குக் கண் என்பது பொருள். புயல் குமரி மண்ணில் கரை கடக்கவில்லை. தெற்கே கடல் வழியாகவே இலட்சத்தீவை நோக்கிச் சென்றது. எனினும், அதன் சுழற்சியின் வடபாகம் நிலத்தின்மீது படிந்தது. புவியின் வடகோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகையால், மையத்திற்கு வடக்கே இருந்த ஊர்களில் காற்று கிழக்கிலிருந்து அறைந்தது.

ரப்பர் மரங்கள் முறிந்தன. வாழைத் தோட்டங்கள் படுத்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்ததால் சிற்றூர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. இவை அனைத்தினும் பேரிழப்பு கடலில் நேர்ந்தது. புயல் உருவாகும் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி, கேரள மீனவர்களுள் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அத்துயரத்தின் முன் ஒரு வீட்டுக் கூரையின் சேதம் மிகச் சிறியது. ஆயினும், கூரை இழந்த வீட்டில் அன்றிரவும் மழை பெய்தது. அங்கும் மனிதர்கள் உறங்க இடம் தேடினர்.

திறந்துபோன வீடு

தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு அத்தகைய வீடுகளுள் ஒன்று. அவருடைய தந்தையார் கட்டிய வீடு அது. பனங்கைகளின் மேல் பட்டியல் அடித்து, அதன்மேல் மங்களூர் ஓடு வேய்ந்திருந்தனர். மேற்குப் பக்கத்துக் கூரையை ஆண்டுதோறும் பார்த்துச் செப்பனிடுவது அவ்வீட்டு வழக்கம். கிழக்குப் பக்கத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. அங்கே வீடு காற்றுக்கு முதுகு காட்டியே நின்றிருந்தது.

நவம்பர் 30ஆம் நாள் முற்பகலில் கிழக்குத் திண்ணையின் இறவாணத்து ஓடுகள் முதலில் கிளம்பின. அடுத்து முகட்டு ஓடுகள் பெயர்ந்தன. அவ்விரு விளிம்புகளும் திறந்தபின் நடுவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. சிறிது நேரத்தில் கூரையின் மூன்றில் ஒரு பங்கு வெறும் மரச்சட்டமாக நின்றது. நெற்குதிர் நனைந்தது, அவர் அரிதின் சேர்த்த புத்தக அலமாரி நனைந்தது. ஆசிரியரும் அவர் மனைவியும் மேற்கு அறைக்குள் பொருள்களைச் சுமந்து சுமந்து மாற்றினர்.

மறுநாள் மகன் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தார். முற்றத்தில் குவிந்து கிடந்த ஓட்டுத் துண்டுகளைக் கண்டதும், "அப்பா, இனிமே ஓடு வேண்டாம். இடிச்சுப்போட்டு மட்டுப்பா போடுவோம். இன்னொரு காத்து வந்தா நீங்க ரெண்டுபேரும் என்ன செய்வீங்க?" என்றார். கவலையில் பிறந்த சொல் அது. ஆசிரியரால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. முழுவதும் கான்கிரீட் தளமாக்க வேண்டுமெனில் பழைய சுவர்கள் அப்பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஓய்வூதியப் பணத்தின் பெரும்பகுதியும் கரைந்துவிடும். அவ்வாறே விட்டுவிட்டால் அடுத்த காற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

காற்று அழுத்துவதில்லை

எழுபது வயதைக் கடந்த தச்சர் ஒருவர் வந்து கூரையை நெடுநேரம் கீழிருந்தே பார்த்தார். ஈர ஓட்டின் மீது அவர் ஏறவில்லை. பிறகு, "பாரம் தாங்கணும்னுதான் அன்னைக்குக் கெட்டியிருக்காவ, சார். காத்து கூரைய அமுக்காது, தூக்கும்" என்றார்.

இருபதாண்டுகள் அறிவியலும் கற்பித்த ஆசிரியருக்கு அச்சொல் புதிய வாயில் ஒன்றைத் திறந்தது. காற்று கூரையின் மேல் விரைந்து வளைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டினுள் இருக்கும் காற்றின் அழுத்தமோ குறைவதில்லை. இவ்வேறுபாடு கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று மோதும் பக்கத்துச் சன்னலோ கதவோ திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. இவ்விசை இறவாணத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் மிகுதி. சேதமும் அங்கேதான் தொடங்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மங்களூர் ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ளது. பின்புறக் கொக்கியால் பட்டியலைப் பற்றிக்கொண்டு, தன் எடையாலேயே அது நிலைத்திருக்கிறது. கீழே வழுக்காமல் இருக்கக் கொக்கி போதும். மேலே எழாமல் இருக்க வேறொரு பிடி வேண்டும்.

உலகின் பல பகுதிகள் இவ்வுண்மையைத் தத்தம் வழியில் அறிந்துள்ளன. புயல்கள் அடிக்கடி தாக்கும் சப்பானின் ஓகினாவாத் தீவுகளில் செவ்வோடுகளின் இணைப்புகளைச் சுண்ணக் காரையால் பூசி இறுக்குவர். அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் கூரைக்குப் பெரும்பகை ஆலங்கட்டி மழை. குமரி போன்ற வெப்பக் கரையோரங்களில் பனிக்கட்டிகள் நிலத்தை அடையும் முன்பே பெரும்பாலும் உருகிவிடுகின்றன. ஆகவே, இங்குக் கூரையின் பகை காற்றும் காற்று வீழ்த்தும் மரமுமே. பத்மநாபபுரம் அரண்மனையின் செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரைகளை நோக்கினால் முன்னோர் அறிவு புலப்படும். மிகுந்த சரிவு மழைநீரை விரைந்து வடிப்பதோடு, தாழ்சரிவுக் கூரைகளை வாட்டும் உறிஞ்சு விசையையும் குறைக்கிறது.

சீர்செய்யும் வரிசை

மகன் தார்ப்பாயுடன் கூரையேறத் துணிந்தபோது தச்சர் தடுத்தார். முதலில், அறுந்து கிடந்த மின்கம்பிகளில் மின்சாரம் இல்லை என்பதை மின்வாரியப் பணியாளர் உறுதி செய்தனர். பிறகு சாய்ந்து நின்ற முருங்கைக் கிளை வெட்டப்பட்டது. சேதத்தைப் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்வையிடும் முன் எதையும் அப்புறப்படுத்தினால் பின்னர்ச் சான்று இராது. மழை விட்ட இடைவெளியில், உள்ளிருந்தே ஏணி வைத்து, தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்துக் கைமரங்களில் கட்டினர். தார்ப்பாயின் மேல் கல் வைக்கத் தச்சர் இசையவில்லை. காற்றில் கல்லும் பறக்கும் என்பது அவர் கூறிய காரணம்.

வெயில் வந்தபின் மரச்சட்டத்தை ஆராய்ந்தனர். பனங்கைகளில் வயிரம் பாய்ந்தவை உறுதியாக இருந்தன. இரண்டு மட்டும் சுவரோடு சேரும் இடத்தில் செல்லரித்திருந்தன. பட்டியல்களில் ஆணிகள் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தன. "ஓட்டக் குத்தம் சொல்லி என்ன செய்ய? ஆணி போனது யாருக்கும் தெரியாம போச்சு" என்றார் தச்சர்.

ஆசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டை இடிக்க வேண்டாம். கூரையின் ஒவ்வோர் இணைப்பையும் கட்டிவிடலாம். மகனும் ஒரு நிபந்தனையோடு உடன்பட்டார். மேற்கு அறைக்கு மட்டும், புயல்நாளில் ஒதுங்குவதற்கென, சுவரை வலுப்படுத்திக் கான்கிரீட் தளம் அமைக்கவேண்டும் என்பது அந்நிபந்தனை. தந்தையின் பற்றுக்கும் மகனின் அச்சத்திற்கும் அவ்வீட்டில் இடம் கிடைத்தது.

வேலை மூன்று வாரம் நீண்டது. ஊரெங்கும் கூரைகள் திறந்து கிடந்தமையால் ஓடும் ஆளும் எளிதில் கிடைக்கவில்லை. செல்லரித்த பனங்கைகள் மாற்றப்பட்டன. சுவரின் மேல் கிடந்த விட்டத்தோடு ஒவ்வொரு கைமரமும் இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டது. விட்டம் சுவரோடு நீண்ட திருகாணிகளால் பிணைக்கப்பட்டது. இறவாணத்து வரிசைகளிலும் ஓரங்களிலும் ஓட்டின் துளைவழியே கம்பி கோத்துப் பட்டியலில் முறுக்கினர். முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பதித்தனர். உடையாமல் எஞ்சிய பழைய ஓடுகளைப் பாசி நீக்கிக் கழுவி மேற்குப் பக்கத்தில் சேர்த்தனர். கிழக்குப் பக்கம் முழுவதும் புதிய ஓடுகள். கூடத்தில் ஒளி விழுவதற்காகத் தந்தையார் பதித்திருந்த கண்ணாடி ஓடு ஒன்று மட்டும் உடையாமல் கிடந்தது. அதனை முன்பிருந்த இடத்திலேயே பதித்தனர்.

பிணைப்பின் வலிமை

கூரையின் வலிமை எடையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். ஓடு பட்டியலோடும், பட்டியல் கைமரத்தோடும், கைமரம் விட்டத்தோடும், விட்டம் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் கொண்ட பிணைப்பே காற்றுக்கு எதிரான வலிமை. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை உறுதியாக இருந்தும் பயனில்லை. தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் ஓலைக் குடிசைக்கும் இதுவே விதி. பெருஞ்செலவு செய்ய இயலாத குடும்பமும் ஒரு சுருள் கம்பியும் சில இரும்புப் பட்டைகளும் வாங்கிவிட முடியும். அவற்றை எங்கே இடவேண்டும் என்று கூறும் அறிவுதான் அரிதாகி வருகிறது. கூரை ஏறத் தெரிந்த முதியவர்களோடு அவ்வறிவும் மறைந்துவிடாமல் காப்பது ஊரின் கடமை.

அவ்வீட்டில் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் முன், கூரையின் நான்கு பக்கங்களையும் பார்க்கின்றனர். தச்சரால் ஏணி ஏற முடிவதில்லை. அவர் முற்றத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து சொல்கிறார். அவருடைய பேரன் மேலே ஏறி ஒவ்வோர் ஆணியையும் தட்டிப் பார்க்கிறான். முதலில் கிழக்குப் பக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கூரையின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. புயலுக்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.
3. "காற்று கூரைய அமுக்காது, தூக்கும்" என்னும் கூற்றை அறிவியல் நோக்கில் விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.