காலணா வரியில் வந்த ரயில்



"நம்ம பக்கத்துக்கு ரயில் விட்டது வெள்ளைக்காரன்தானே தாத்தா?" என்று போன வாரம் பேத்தி கேட்டாள். பாதி சரி என்றேன். மீதிப் பாதி உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1894-இல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் நீளத்துக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதைக்குச் சொந்தக்காரர் தஞ்சாவூர் ஜில்லா போர்டு. பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரயிலுக்கென்றே நிலத்தின் மேல் தனி வரி போட்டார்கள். ரூபாய்க்கு 3 தம்பிடி, அதாவது காலணா. கட்டியவர் நிலக்காரர், அந்தக் காலணாவை விளைவித்தவர்கள் சேற்றில் இறங்கி நடவு நட்டவர்கள். ஆகவே அது நம் முன்னோர் காசில் வந்த ரயில்.

பிற்பாடு அந்தப் பாதை அறந்தாங்கி வரை நீண்டது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் ஒரு கிளையும் பிரிந்தது. கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று நின்று நின்று போகும் வண்டி. உங்களில் எத்தனை பேர் அதில் ஏறிப் படிக்கப் போனீர்கள்!

2004-இல் அகலப்பாதை ஆக்குவதற்காக அதை நிறுத்தினார்கள். இரண்டு, மூன்று வருடம் என்று நினைத்தோம். 19 வருடம் ஆனது. என்னிடம் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், நன்றாகக் கணக்குப் போடுவாள். சாயங்கால பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும் என்று வீட்டில் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். நான் இரண்டு முறை போய்ப் பேசியும் பலனில்லை.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதை திரும்பத் திறந்தது. அந்தப் பெண் தன் மகளோடு பிளாட்பாரத்தில் நின்று போட்டோ அனுப்பியிருந்தாள். "சார், இவளாவது போகட்டும்" என்று ஒரே வரி.

ஊருக்கு வரும்போது காரைத் திருத்துறைப்பூண்டியில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு ஒருமுறை அதில் ஏறுங்கள். டிக்கெட் வாங்கி ஏறுங்கள். கூட்டமில்லை என்று வண்டியைக் குறைக்க நாமே காரணமாகிவிடக் கூடாது. பழைய வரி ரசீது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்