பத்தும் முந்நூற்றெழுபதும்

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி நம் நாட்டில் நயா பைசா நடைமுறைக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாதுங்காவில் எங்கள் குடியிருப்பின் கீழிருந்த மளிகைக் கடையில் ஒரு மாற்று அட்டவணையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறணாவுக்கு 37 நயா பைசா என்று அதில் கண்டிருந்தது. கணக்குப்படி முப்பத்தேழரை, அரைக்காசை விட்டுவிடுவது சட்டம். "ஆறு வாங்கிய இடத்தில் முப்பத்தேழு கேட்கிறார்களே, இது அடுக்குமா?" என்று என் தாயார் அங்கலாய்த்தார். எண்தான் பெருத்தது, விலை பெருக்கவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லிப் பெருமை கொண்டேன். அந்த 37 மறுபடியும் என் வீட்டுக்குள் நுழையும் என்று அன்று நான் கனவிலும் எண்ணவில்லை.

2012-ஆம் ஆண்டு, நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு, என் மனைவிக்குத் தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்வதைத் தணிக்க அயோடின்-131 என்னும் கதிரியக்க மருந்து கொடுத்தார்கள். பத்து மில்லிகியூரி என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து மருத்துவமனைத் தாளைப் பிரித்தால், 370 மெகாபெக்கெரல் என்று அச்சிட்டிருந்தது. விளக்கம் ஒரு வரியும் இல்லை.

"பத்து என்றுதானே சொன்னார்கள்? முந்நூற்றெழுபது கொடுத்துவிட்டார்களே!" என்றாள் அவள். குரல் நடுங்கிற்று. நாகபுரியிலிருந்து மகனும் மருமகளும் ஐந்து மாதப் பேரனோடு கொலுவுக்கு வருவதாக இருந்தார்கள். பாட்டி அக்குழந்தையை இன்னும் மடியில் வாங்கவில்லை.

நான் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நூல்களைப் புரட்டினேன். ஒரு கிராம் ரேடியத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 3,700 கோடி அணுக்கள் சிதைகின்றன. அதனை ஒட்டி 1910-ஆம் ஆண்டில் தோன்றிய அலகே கியூரி. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். இவ்வலகை 1975-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. முன்னது மிகப் பெரிது, பின்னது மிகச் சிறிது. ஆகவே ஒரு மில்லிகியூரி என்பது 37 மெகாபெக்கெரல். பத்தை முப்பத்தேழால் பெருக்கினால் முந்நூற்றெழுபது. கடைக்காரரின் முப்பத்தேழைப் போல அரைக்காசு விட்டுப்போன எண்ணன்று இது, வரையறையிலேயே துல்லியமானது.

"மருந்து ஒரு துளியும் கூடவில்லை; எல்லாம் அலகின் வேறுபாடுதான். அஞ்சாதே, குழந்தை வரட்டும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. மகனுக்கும் அவ்வாறே சொல்லிவிட்டு, நன்றி தெரிவிப்பதற்காக மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் கணக்குச் சரி ஐயா, முடிவுதான் தவறு" என்றார். "கியூரியானாலும் பெக்கெரலானாலும், நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று மட்டுமே சொல்லும். அருகில் படுத்திருக்கும் குழந்தையின் உடம்பை அது எவ்வளவு தாக்கும் என்று சொல்லாது. அதற்குச் சீவர்ட் என்ற அலகு தனியே இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக்க வெறும் பெருக்கல் போதாது. எந்தப் பொருள், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். மூன்று வாரம் குழந்தையை அவர் தூக்கவே கூடாது."

நாணித் தலை குனிந்தேன். அலகை மாற்றத் தெரிந்த எனக்கு, அந்த அலகு எதை அளக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பயணச் சீட்டுகளை ரத்துச் செய்யும்படி மகனிடம் சொன்னேன். அவ்வாண்டு குழந்தையின் குரல் இல்லாமலே கொலு நடந்தது. என் மனைவி என்மீது குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாயிற்று.

ஒருநாள் மாலை அவளே கேட்டாள்: "இது எப்போதுதான் தீரும்?" அந்த அயோடின் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பழைய காசுக் கணக்கில் சொன்னேன்: "இன்று ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள். எட்டு நாளில் எட்டணா, பதினாறில் நாலணா, இருபத்து நான்கில் இரண்டணா, முப்பத்திரண்டில் ஓரணா. உடம்பே வெளியேற்றிவிடுவதையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது." அன்று முதல் நாட்காட்டியில் தேதிகளைச் சுழித்து, பக்கத்தில் அணா எழுதிவரலானாள்.

தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள். மருந்து உண்டு முப்பத்தைந்து நாள் கடந்திருந்தது. மருத்துவரிடம் மறுபடியும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்ட பிறகே நான் தலையசைத்தேன். மருமகள் குழந்தையை நீட்ட, அவள் இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஓரூரில் மருத்துவம் செய்துகொண்டு மற்றோரூரில் தாளைக் காட்ட நேருகின்ற நம்மவர்க்கு என் வேண்டுகோள் இதுவே: எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், அதன் அலகையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு, "இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?" என்று மருத்துவரையே கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.