பூட்டும் திறப்பும்

முன்னர் யாம் பிறிதொரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், கணினி அறையின் திறப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழாசிரியருக்கும் கணினிக்கும் யாது தொடர்பென எவரும் வினவவில்லை. பொருளைப் பத்திரமாகக் காப்பார் என்னும் நம்பிக்கையே எமது தகைமை. அவ்வாறே காத்தோம். துணியாற் போர்த்தோம், தூசு தட்டினோம், பூட்டினோம். யன்னலோரம் எட்டிப் பார்த்த மாணாக்கரை, "பழுதாக்கி விடுவீர்கள்" என்று கடிந்து அனுப்பினோம். பூசையில் வைத்த ஏட்டை விசயதசமியன்று எடுத்துப் படித்தல் எமது மரபு. யாமோ கணினிகளை இரண்டாண்டு பூசையில் வைத்தோம், விசயதசமி வரவேயில்லை.

அந்நாளிலேதான் பேராசிரியர் தோமஸ் கேர்ட்ஸ் அவர்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1928இற் பிறந்த இவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1956இல் அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிற் கணிதம் கற்பிக்க வந்தார். பல்கலைக்கழகத் தரத்ததாகிய அக்கல்லூரியில் அப்போது கணினி இல்லை. துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் இட்டு, புகையிரதமேறி, பொஸ்டன் நகரையடுத்த எம்.ஐ.டி. நிறுவனத்துக்குச் சென்று கணித்து வருவார்.

வேறொருவராயின், தாம் பட்ட பாட்டைப் பிறரும் படுக என்றிருப்பர். இவரோ, நூலகத்தில் மாணவன் தானே சென்று நூலை எடுப்பது போலக் கணினியையும் தடையின்றிப் பயன்படுத்தல் வேண்டும் என்றார். துறைத்தலைவர் ஜோன் கெமனியும் உடன்பட்டார். ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்துகொள்ளும் முறையை இருவரும் வகுத்தனர். புதிதாய்க் கற்போர்க்கும் விளங்கத்தக்க 'பேசிக்' என்னும் எளிய நிரல்மொழியையும் ஆக்கினர். 1964 மே 1ஆம் நாள் அதிகாலை 4 மணிக்கு அது முதன்முதல் இயங்கிற்று. கணினியை இயக்கும் நிரல்களை எழுதியோர் இன்னும் பட்டம் பெறாத மாணவர். யாம் யன்னலோரத்தில் நின்று விரட்டிய வயதினரை ஒத்தவரிடம் அவர்கள் இயந்திரத்தின் உள்ளத்தையே ஒப்படைத்தனர்!

1966 முதல் 1975 வரை கேர்ட்ஸ் அங்குள்ள கீவிட் கணினி நிலையத்தின் பணிப்பாளராய் விளங்கினார். தொலைபேசிக் கம்பி வழியே அயற் பாடசாலைகளுக்கும் அவ்வசதி சென்றது. பின்னர் மீண்டும் கற்பித்தலுக்கே திரும்பி, 1993இல் ஓய்வு பெற்றார். 2024 நவம்பரில், தமது 96ஆவது வயதிற் காலமானார்.

படித்த மறுநாள் யாம் அறையைத் திறந்தோம். முதல் வாரத்திலேயே ஒரு விசைப்பலகை பழுதாயிற்று, மறைப்பதற்கில்லை. மாணாக்கர் இருவர் அதனைக் கழற்றித் திருத்தினர். ஆயின், நாள்தோறும் யன்னலோரம் நின்ற ஒருவன் அதற்கு முன்னரே சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திச் சென்றுவிட்டான். அவன் முகம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. அவனுக்கு யாம் செய்தது காவலன்று, தடை.

இவ்யூபிலி ஆண்டிற் கல்லூரிக்குக் கணினிகள் உதவ முன்வரும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். எத்தனை கணினி தேவையென்று கேட்பதோடு அமையாது, அறை எத்தனை மணிநேரம் திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். அவ்வினாவும் ஒரு நன்கொடையே.