கூலிக் காசில் எழுந்த கோயில்

“ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடிக்கிறது. எனக்கோ அன்றைக்குத்தான் தண்ணீர் முறை. மடை திருப்பப் போனால் பாவமா?” கிராமங்களில் கிறித்தவ உழவர்கள் பலர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது. கிறித்தவர் அல்லாதவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்பதுண்டு: ‘உழைக்கிறவனுக்குச் சாமி கும்பிட நேரம் ஏது?’ இதற்குப் பதில் தேட ஒரு நல்ல இடம் வடசென்னை. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போய்வர ஒரு பகல் போதும்.

நமக்கும் அந்த ஊர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். நெல் மூட்டை ஏற்றிப் போகும் அசோக் லேலண்ட் லாரியின் பிறப்பிடம் எண்ணூர். எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத்தான் தொடங்கியது. பயிருக்குப் போடும் ‘விஜய்’ யூரியா பக்கத்து மணலியில் தயாராவது. நம் வயலுக்குப் பின்னால் இந்தக் கரையின் கைகளும் இருக்கின்றன.

முதலில் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதற்கும் மூத்தது இங்குள்ள புனித ராயப்பர் ஆலயம்; 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று அழைப்பது பழைய வழக்கம். ஊர்ப் பெயரே அவரால் வந்தது என்று சொல்வார்கள்.

இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். குருகுல வம்சத்தார் எனப்படும் கிறித்தவக் குடும்பங்கள் அவர்கள். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் நடுக்கடலில் நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகில் ஏற்றி, சீறும் அலைகளைக் கடந்து கரை சேர்க்க வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். உயிரைப் பணயம் வைத்துச் செய்த அந்த வேலையின் கூலியிலிருந்து சேர்த்த காசுதான் கோயில் ஆனது.

அவர்கள் தேர்ந்துகொண்ட புனிதரும் வலை வீசிய ஒரு மீனவர்தான். அதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இயேசு தச்சுவேலை செய்தவர். சின்னப்பர் என்கிற பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். ஊழியம் செய்தபோதும் அந்தத் தொழிலை விடவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக் காத்திருந்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மடம் அமைத்த புனித ஆசீர்வாதப்பர், ஜெபத்தோடு கைவேலையையும் துறவிகளின் அன்றாடக் கடமையாக வைத்தார். மடத்தின் கருவிகளைப் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. அந்தக் கணக்கில் நம் வீட்டு மண்வெட்டியும் கதிர் அரிவாளும் திருப்பலிக் கிண்ணத்துக்கு இணை.

ராயபுரத்தை ஒட்டியிருப்பது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடிவதற்கு முன் போனால் ஏலம், ஐஸ் உடைக்கும் சத்தம், கூடை சுமக்கும் பெண்கள் என்று ஒரே பரபரப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் அது. வலையும் படகும் அப்போதுதான் செப்பனிடப்படும். ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது பழைய ஏற்பாடு. உழைப்பு எவ்வளவு புனிதமோ, அவ்வளவு புனிதம் ஓய்வும். மண்ணுக்கும் கடலுக்கும் தேவைப்படும் ஓய்வு மனிதனுக்கு மட்டும் தேவைப்படாதா?

வடக்கே போகப் போக ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும். இங்கே உழைப்பின் இன்னொரு பக்கம் தெரியும். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படுகிறது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல். 1955-ல் போப் பன்னிரண்டாம் பியுஸ் அதே மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார்.

உழைப்பைப் புகழ்வது சுலபம். கூலியை நியாயமாகக் கொடுப்பதில்தான் சோதனை. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு எழுதிய திருமுகம். ஏழைக் கூலியாளுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இது மில் முதலாளிக்கு மட்டும் சொன்னதல்ல. நடவுக்கும் களைக்கும் ஆள் வைக்கிற நமக்கும்தான்.

கடைசியில் எண்ணூர். பூண்டி ஏரியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. சுற்றிலும் அனல்மின் நிலையம், சாம்பல், குழாய்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து ஆற்றில் படர்ந்தபோது, படகில் போய் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளியவர்கள் இந்தக் குப்பங்களின் மீனவர்களே. கழிவு யாரோ விட்டது. அள்ளியது இவர்கள் கை. வலை வீச நல்ல தண்ணீர் இல்லாமல் மீனவனுக்கு உழைப்பின் புனிதத்தைப் போதிப்பதில் அர்த்தமில்லை. கெட்டுப்போன கிணற்றை வைத்துக்கொண்டு விவசாயம் செய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போய்வர விரும்புகிறவர்கள் விடியலில் காசிமேட்டைப் பார்த்துவிட்டு ஆலயத்துக்குப் போகலாம். ஜூன் 29 ராயப்பர், சின்னப்பர் திருநாள். கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரத்துக்கும், அங்கிருந்து திருவொற்றியூர், எண்ணூருக்கும் புறநகர் ரயில் உண்டு. விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடுகிறது.

சரி, மடை திருப்பப் போனால் பாவமா? ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டை யார்தான் தூக்காமல் விடுவார் என்று கேட்டவர் இயேசு. வாடும் நாற்றும் அந்த மாட்டைப் போலத்தான். தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு மாலைப் பூசைக்குப் போகலாம். ஆனால் போகும் முன், முந்தின நாள் களையெடுத்த பெண்களுக்குக் கூலி பாக்கி இருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.