நின்னா அணையுற அம்பாசிடர்

அப்பா காலத்து அம்பாசிடர், எஸ்.யூ. கார்புரேட்டர். ஓடும்போது குறையில்ல, வண்டி நின்னா எஞ்சின் அணைஞ்சிடும். அம்மாவ புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அதுலதான் கூட்டிப் போறேன், நடுவழியில தள்ள ஆளுக்கு எங்க போறது?

எல்லாரும் எடுத்ததும் ஸ்க்ரூவைத் திருகுறாங்க. மரக்காணம் உப்பளக் காத்துக்கு முதல்ல கார்புரேட்டர் பிஸ்டனைப் பாக்கணும். எஞ்சினை அணைச்சுட்டு விரலால தூக்கி விட்டா 'டொக்'குனு விழணும். சிக்கினா கழட்டி, பெட்ரோல் துணியால துடைங்க. உப்புத்தாள் போடாதீங்க, இருக்கிற உப்பே போதும்! மேனிபோல்டு கேஸ்கெட்ல காத்து இழுக்குதான்னும் பாருங்க.

அப்புறம்தான் மிக்சர். எஞ்சின் சூடானதும் பிஸ்டனை 1 மி.மீ. தூக்குங்க. சத்தம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம், அடிநட்டை மேல ஏத்துங்க. அணையப் பாத்தா குறைவு, இறக்குங்க. லேசா ஏறி அடங்கினா சரி. ஒரு தடவைக்கு நட்டோட ஒரு பட்டைக்கு மேல திருகாதீங்க.